சுண்ணாம்பு

சிசின்னியுஸ் ஆண்டது இருபது நாள்.
எழுநூற்றெட்டாம் வருடம்,
ஜனவரி பதினைந்தில் ஏறினார்,
நம் காலண்டரில் பொங்கல் விழுகிற தேதி.
பிப்ரவரி நான்கில் போய்விட்டார்.
சிரியாக்காரர். கீல்வாதத்தில் முடங்கிய கைகள்.
ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக
இன்னொருவர் கை வேண்டியிருந்த பாப்பரசர்.
முப்பது வருடம் வகுப்பில்
இவரை ஒரே மூச்சில் தாண்டியிருக்கிறேன்,
மணி அடிப்பதற்குள்
அடுத்த பெயருக்குப் போகவேண்டுமே.

இந்தத் தையில்
அதிபர் கண் அறுவைக்கு மதுரை போனார்.
திரும்பும்வரை செண்பகனூர் வீட்டுக்கு
நான் பொறுப்பு என்று மூன்று வரிக் கடிதம்.
தேர்தல் எல்லாம் இல்லை.
இருந்தவர்களில் நிமிர்ந்து உட்காரக்கூடியவன்
நான் ஒருவன்.

சூசைமாணிக்கம் எனக்குக் கஞ்சி ஊட்டுவான்.
ஊதி, கரண்டியின் அடியைக் கிண்ணத்தில் வழித்து,
முகத்தைப் பார்க்காமல்
ஜன்னலுக்கு வெளியே உறைபனியைப் பார்த்தபடி.
அது அவன் மரியாதை.
ரோமில் அவருக்கு ஊட்டியவன்
எங்கே பார்த்துக்கொண்டிருந்தானோ,
ஏட்டில் அவன் பெயரே இல்லை.

ஏட்டில் இருப்பது இவ்வளவு:
கோர்சிகா தீவுக்கு ஓர் ஆயரை ஏற்படுத்தினார்.
நகரத்தின் மதிலைப் பழுதுபார்க்கச்
சுண்ணாம்பு சுடச் சொன்னார்.

எங்கள் மதில் ஐப்பசி மழையில் சரிந்தது.
அந்த வழியாகக் காட்டுமாடுகள் வந்து
முட்டைக்கோஸ் பாத்தியை முடித்துவிட்டு
சூசையப்பர் பீடத்தில் முதுகு தேய்த்துப் போகின்றன.
சிமென்ட் போட்டால் மூணு நாள் வேலை என்றார்
பெருமாள்மலைக் கொத்தனார் வெள்ளையன்.
பழைய கல்லுக்குச் சுண்ணாம்புதான் சேரும் என்றேன்.
மதிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
ஏதோ ஒரு வீம்பு.
பேனாவை விரலோடு ரப்பர் வளையத்தால் கட்டி
வவுச்சரில் போட்ட கையெழுத்து
கோழி நடந்த தடம்.

வத்தலக்குண்டிலிருந்து லாரி ஏறி வந்தது.
குழியில் கொட்டித் தண்ணீர் விட்டதும்
கொதித்ததே ஒரு கொதி!
அந்தப் பனிக்காலையில் அவ்வளவு ஆவி.
சக்கர நாற்காலிகள் உட்பட எல்லோரும் வந்துவிட்டோம்,
வேடிக்கை பார்க்க வந்தவர்கள்
குளிர் காய ஆரம்பித்தோம்.
என் இரண்டு முட்டிகளையும் நீட்டினேன்.
விரல் விரியவில்லை.
சும்மா, இதமாக இருந்தது.

"ஒரு மாசமாவது ஊறணும் சாமி,
அப்புறம்தான் கட்டடத்துக்கு எடுக்கலாம்"
என்றார் வெள்ளையன், என்னவோ
எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல.

பத்தொன்பதாம் நாள் அதிபர் போன் செய்தார்.
கண் நன்றாகத் தெரிகிறதாம்.
வியாழக்கிழமை வருகிறாராம்.
சிமென்ட் என்ன விலை என்று கேட்டார்.

இரவுக் கஞ்சியின்போது
சூசைமாணிக்கத்திடம் சிசின்னியுஸைச் சொன்னேன்.
இருபது நாள், கை, சுண்ணாம்பு, எல்லாம்.
வெளியே குழியைச் சுற்றிக்கொண்டு
காட்டுமாடு ஒன்று மூச்சுவிடும் சத்தம்.
"அந்த மதிலைக் கட்டினாங்களா?"

இத்தனை வருடத்தில்
ஒரு மாணவனும் கேட்டதில்லை.
நானும் தேடிப் பார்த்ததில்லை.
தெரியாதுப்பா என்றேன்.

"சரி, வாயைத் திறங்க" என்றான்.