நாற்பத்தேழாம் எண் கேட்

ஷ்வேபோவுக்குத் தெற்கே, எள் வயல்களுக்கு நடுவே
நாற்பத்தேழாம் எண் ரயில்வே கேட்.
மா சான் யீ அங்கே பதினோரு வருடமாக.
மெயில் வருமுன்
கயிற்றை விட்டு மூங்கில்கள் இரண்டையும் இறக்கி
பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள்
மூங்கில் இறங்கவில்லை.
அவள் அங்கேதான் இருந்தாள்.
கண் திறந்திருந்தது,
கையில் கொடிகூட இருந்தது.
மனசு மட்டும் தங்கை வாங்கிய கடனோடு
மண்டலேயில் ஒரு வட்டிக்கடை வாசலில் நின்றது.

ஒரு வாத்துக்காரன், அவன் சைக்கிள்,
கூடைகளில் நாற்பது வாத்து.
அவன் தப்பினான்.
வாத்துகளில் பாதி தப்பின.
தண்டவாளம் நெடுக இறகு.

கவனக்குறைவு, என்று எழுதிக்கொண்டார்கள்.
பத்து நாள் சம்பளம் இல்லை.
அந்தப் பத்து நாளுக்குத்தான்
பாயும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு
சகாயிங் குன்றின் தியான மண்டபத்துக்குப் போனாள்.

வயிறு எழுகிறது. தாழ்கிறது.
முழங்காலில் வலி, வலி.
கழுத்தில் அரிப்பு, அரிப்பு.
மூன்றாம் நாள்வரை உண்மையில்
வாத்துகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள், மாலை நாலு பத்து.
கீழே பாலத்தில் ரயில் ஏதுமில்லை.
இருந்தும் உள்ளங்கை கயிற்றைத் தேடியது.
தேடுவதைப் பார்த்தாள்.
தேடுகிறது, தேடுகிறது.
பின்னாலேயே வந்தது கடன்,
ஊதிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு.
அதன்பின் வெட்கம், அதன்பின் தங்கைமேல் கோபம்,
அதன்பின் ஜன்னலில்லாத சரக்குப் பெட்டிகள் சில,
உள்ளே என்னவென்று தெரியாதவை.
ஒன்றையும் அவள் நிறுத்தவில்லை.
கேட் காப்பவள் ரயிலை நிறுத்துவாளா?
போகும்போது
அதன் குறுக்கே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டாள்,
தானும்.

பாலியில் இதன் பெயர் சதி.
நம் காதில் அது சூழ்ச்சி என்று விழும்.
பொருளோ நினைவு.
மயங்கி விழுந்தவரைப் பார்த்து
நினைவு தப்பிவிட்டது என்கிறோமே,
முகத்தில் தண்ணீர் தெளித்ததும் திரும்புகிறதே,
அந்த நினைவு.
நேற்றை அல்ல,
இங்கே இருக்கிறோம் என்பதை
மறக்காமலிருப்பது.
வாயிற்காவலன் என்று அதற்கொரு பழைய உவமை உண்டு.
அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

பதினோராம் நாள். கேட்.
கயிறு ஈரம்.
மெயில் நாற்பது நிமிடம் தாமதம்.
கடன் அப்படியே இருந்தது, வட்டி ஏறியிருந்தது.
காத்திருந்த நேரத்தில் இரண்டு தடவை
மண்டலே போய்விட்டுத் திரும்பினாள்.
இரண்டு தடவையும் திரும்பினாள்.

மூங்கிலை இறக்கியபோது
மறுபக்கம் வந்து நின்றது
இரவல் சைக்கிளில் அதே வாத்துக்காரன்.
இருவரும் பேசவில்லை.
கூடை இடுக்கில் கழுத்தை நீட்டி
ஒரு வாத்து அவளையே பார்த்தது.

பார்க்கிறது, பார்க்கிறது,
என்று அவள் உதடு அசைந்தது.
வாத்தைச் சொன்னாளா, தன்னையா,
தெரியவில்லை.
அதற்குள் ரயில் வந்துவிட்டது.