மூன்று விலைப்புள்ளிகள்

பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில்
பத்தொன்பதாயிரத்து நானூறு.
மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள் என்றார்
தலைமையாசிரியர் ஞானதிரவியம்.
ட்ரோன் என்று எழுதாமல்
'பறக்கும் கற்பித்தல் உபகரணம்' என்று
எழுதச் சொன்னதும் அவரே.
தணிக்கைக்காரருக்கு அதுதான் புரியுமாம்.

எங்கள் பள்ளி பணகுடிக்குத் தெற்கே.
ஆனி பிறந்தால்
கரும்பலகையில் எழுதிய சுண்ணாம்புத் தூளும்
கிழக்கே போய்விடும்.
மேற்கே ராக்கெட் எந்திரம் சோதிக்கிற மலை.
தென்கிழக்கே அணு உலை.
கைபேசி வரைபடத்தில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் சிவப்பு.
மிச்சமிருக்கிற வானத்தைக்
காற்றாலைகள் அரைத்துக்கொண்டிருக்கின்றன.

வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்
பெட்டியைத் திறந்த அழகே தனி.
கேமரா நாலு கே என்றார்.
ஆளைப் பின்தொடரும் என்றார்.
மாப்பிள்ளை அழைப்புக்கு
இப்போ இதுதான் போகுது டீச்சர் என்றார்.
எனக்கு மாப்பிள்ளை இல்லை,
எட்டாம் வகுப்பு பி பிரிவு.
நாற்பத்திரண்டு பேர், எண்பத்துநாலு கை,
அதில் ரீகனுடைய இரண்டுக்கு
நான் பொறுப்பேற்க முடியாது.

நேரில் பறக்கவிட்டுக் காட்ட வந்தார் ஒரு செவ்வாய்க்கிழமை.
கொடிக்கம்ப உயரம் வரை
மரியாதையாகத்தான் போனது.
அதற்குமேல் காற்று எடுத்துக்கொண்டது.
"வீடு திரும்பும் பொத்தான் இருக்கு" என்று அமுக்கினார்.
அமுக்கிக்கொண்டே ஓடினார்.
கூட்டுறவு வங்கி மொட்டைமாடியில்
மல்லாந்து கிடந்தது,
இன்னும் படம் எடுத்தபடி.
"சவம், நல்லாத்தாம்ல பறந்துச்சு" என்றான் ரீகன்,
துட்டிக்கு வந்தவன் மாதிரி.

எல்லாரும் போன பிறகு
மரிய செல்சியா மட்டும் நின்றாள்.
அவள் அப்பா
எண்பது மீட்டர் உயரத்தில் போல்ட் முறுக்குகிறவர்.
மூன்று தாளையும் வாங்கினாள்.
கேமராவை விரலால் தாண்டினாள்,
தூரத்தையும் வேகத்தையும் தாண்டினாள்.
"உதிரி இறக்கை எத்தனை தாரான்னு
ஒருத்தனும் போடலையே டீச்சர்?"
மூன்று வாரமாக எனக்குத் தோன்றாதது.
"ஒடஞ்சா நாங்களே கழத்தி மாட்டலாமா,
இல்ல திருநெல்வேலிக்குப் பார்சல் போடணுமா?"

அன்றிரவு புதிதாக எழுதினேன்.
இறக்கையைச் சுற்றி வளையம் வேண்டும்,
கன்னத்தில் பட்டால் சிவக்கலாம், கிழிக்கக் கூடாது.
எடை, சத்துணவு முட்டை ஒன்றரைக்கு மேல் போகக் கூடாது.
பேட்டரி ஆறு: ஒன்று ஏழு நிமிஷம்,
பாடவேளை நாற்பது.
குச்சியைக் கைவிட்டால் தானே தாழ்ந்து இறங்க வேண்டும்,
பதறுகிறவர்களும் என் வகுப்பில் உண்டு.
கேமரா வேண்டாம்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:
வேண்டவே வேண்டாம்.

ஐந்து வந்தன, செருப்புப் பெட்டி அளவில்.
பார்த்ததும் ரீகன் முகம் விழுந்துவிட்டது.
"இது கொசுவுல்லா டீச்சர்."

கொசுவைப் பறக்கவிட்டது சத்துணவுக் கூடத்தில்.
சன்னல் பன்னிரண்டும் சாத்தி
மின்விசிறிகளை நிறுத்தி,
காற்றை மின்சாரமாக்கி விற்கிற ஊரில்
காற்றே இல்லாமல்
புளிக்குழம்பு வாசனைக்குள் வியர்த்து நின்றோம்.
செல்சியாவின் முறை.
தலைக்கு ஒரு சாண் மேலே
நடுங்கியது, சாய்ந்தது,
பிறகு நின்றது.
அந்த இடத்திலேயே.
பதினோரு நொடி.

ரீகன் தும்மினான்.

பொருள் இருப்புப் பதிவேடு, பக்கம் அறுபத்து மூன்று.
உதிரி இறக்கை வரவு நாற்பது,
இருப்பு பதினேழு.
குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தின் மேல்
பேனாவை நிறுத்தி
ஞானதிரவியம் சார் என்னைப் பார்த்தார்.
"ஒடச்சிட்டாங்கன்னு போட்டுரவா?"
"பாடம் நடந்ததுன்னு போடுங்க சார்."
கட்டம் சின்னது.
பா.ந. என்று எழுதி
கையெழுத்து வைத்தார்.