பதினேழாம் எண் கலைமான்

அல்தாய்ச் சரிவில் பனி கரைந்து முடிவதற்குள்
கலைகளின் தலையில் இரண்டு விரல், நான்கு விரல், ஒரு முழம்.
தொட்டால் சுடும்.
உள்ளே ரத்தம் ஓடும் கொம்பு,
வெளியே பீச் பழத்தின் தோல்.
ஜூனில் அறுப்பு.
லாரி வரும், பணம் வரும், மராமத்துக் கடன் தீரும்.

என் வேலை புழுக்கை பொறுக்குவது.
காலை ஐந்தரைக்கு வேலியோரம் நின்று
எது போட்டது என்று பார்த்து வைத்துக்கொண்டு
பையில் இட்டு, எண் எழுதி, உறையவைத்து,
பிறகொரு நாள் கரைத்து வடித்து
அதில் கார்டிசோல் எவ்வளவு என்று கணக்கெழுதுவது.

"ரத்தம் எடுத்தால் ஒரே நிமிஷம், சுர்லாய்" என்றான் மெர்கென்.
எடுக்கலாம்.
ஊசிக்காகப் பிடித்த கணமே எகிறிவிடும்.
பயத்தை அளக்கப் போய்ப் பயத்தை உண்டாக்கி
அதையே அளந்துகொண்டு திரும்புவதா?
புழுக்கை நேற்றைய பயத்தைச் சொல்லும்,
ஆற அமர.

பதினேழுக்கு வலப்பக்கம் ஐந்து கிளை.
இடப்பக்கம் ஒரு கட்டை,
பாதியில் மனம் மாறி
கண்ணை நோக்கி வளைந்துவிட்டது.
தீவனத் தொட்டிக்குக் கடைசியாக வரும்,
எனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்பதுபோல.

சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றார் கெர்மான்.
பார்னவுலில் இருந்து பன்னிரண்டு மூட்டை இறங்கியது.
மூட்டை தீர்ந்தது. கட்டை கட்டையாகவே இருந்தது.

விலை போகாத கொம்பை யாரும் அறுப்பதில்லை.
செப்டம்பரில் மந்தை முழுக்க மொட்டைத் தலைகள்;
இது மட்டும் முடிசூடி நின்றது,
கோணல் முடி,
உரியாத தோல் கந்தலாய்த் தொங்க.
மற்றவை கழுத்தை நீட்டிக் கனைத்த இரவுகளில்
இது வாய் திறக்கவில்லை.

ஒரே கப்பியில் இரண்டு வாளி:
கார்டிசோல் மேலே வந்தால்
டெஸ்டோஸ்டிரோன் கிணற்றுக்குள்.
அது மேலே வராமல்
தோல் காயாது, உரியாது, குரல் எழாது.
இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.
யார் கயிற்றை இழுக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஹெலிகாப்டரில் சுற்றுலாக்காரர்கள் சனிக்கிழமை.
வியாபாரி வெள்ளி.
ஓநாய்க்குக் கிழமை கிடையாது.
என் வரைபடத்திலோ புதன்தோறும் ஒரு குன்று,
ஏப்ரலில் இருந்து, தவறாமல்.
புதன் புழுக்கை என்றால் செவ்வாய்ப் பயம்.

செவ்வாயில் என்ன நடக்கிறது?
விரல் விட்டு எண்ணினேன். மெர்கெனைக் கேட்டேன்.
அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான்.

சட்டைப்பையில் அளவு நாடா.

செவ்வாய்தான் குறுகல் பாதையில் ஒவ்வொன்றாய் ஓட்டி,
இரும்புக் கதவை இரு பக்கமும் நெருக்கி,
நான் கொம்பு அளக்கும் நாள்.
கொம்பு ஏன் வளரவில்லை என்று கண்டுபிடிக்க.

அந்த வாரத்தோடு நிறுத்தினேன்.
"இந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது?"
"அளக்கவில்லை."
"எதற்கு உனக்குச் சம்பளம்?"
அதற்கும் பதில் இல்லை என்னிடம்.

குளிர்காலம் முழுக்கப் புதன்கள் தட்டையாகக் கிடந்தன.
சில புதன்கள் மட்டும் இல்லை; காரணம் தெரியாது.
மார்ச்சில் வலது உதிர்ந்தது,
பதினொரு நாள் கழித்து இடது.
பனியில் கிடந்ததை எடுத்தேன்,
ஒரு சாவிக்கொத்தின் கனம்.

மே மாதம். இரண்டு பக்கமும் ஒருசேர ஏறி வந்தன.
கெர்மான் கூட வேலிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.
இடதில் மட்டும், அடியிலிருந்து ஒரு சாண் மேலே,
கணக்கில் இல்லாத ஒரு சின்ன விரல்
பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் இரும்புக் கதவில் மோதிய இடம்"
என்றான் மெர்கென்.
அந்தக் கொம்பு என் மேசைமேல் காகிதங்களை அழுத்திக்கொண்டிருக்கிறது.
இது வேறு கொம்பு. புது எலும்பு, புதுத் தோல்.
எலும்புக்கு யார் போய்ச் சொன்னது?

பை வரை போன கையை வெளியே எடுத்தேன்.
நாற்பதடி தூரத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று
ஒரு கண்ணை மூடிப் பார்த்து,
நீளம் என்ற கட்டத்தில்
"சுமார்" என்று எழுதினேன்.