சுட்டெண்

வினா நான்கு, பகுதி ஆ:
பண்டைய எகிப்தின் சமூக அடுக்கை வரைந்து பெயரிடுக.
ஏழு படி. படிக்கு அரைப் புள்ளி.

நல்லூரில் கொடியேறி ஆறாம் நாள்.
தாள்கள் பறக்குமென்று
மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
நூற்றிப் பதினெட்டாவது பிரமிட்டைத் திருத்துகிறேன்.
பார்வோன், பூசகர், எழுத்தர், படைவீரர்,
கைவினைஞர், உழவர்,
அடியில் அடிமைகள்.
எல்லாம் ஒரே அச்சில் அறுத்த கல்.

இந்தப் பிள்ளை மட்டும்
கடைசிக் கோட்டுக்கும் கீழே, வெறுந்தாளில்,
ஒரு புள்ளி வைத்திருக்கிறது.
பக்கத்தில் நுணுக்கி:
"இதுக்குக் கீழயும் ஆக்கள் இருந்திருப்பினம்.
படத்துக்குள்ள இடம் காணேல்லை."

புள்ளித்திட்டத்தில்
புள்ளிக்குப் புள்ளியில்லை.

அரசனின் செருப்புக்கு உட்புறம்
கை கட்டப்பட்ட நூபியனை வரைந்தார்கள்,
நடக்க நடக்க மிதிபட.
பொன் தோண்டியவனும் அவன்,
அதே அரசனுக்கு வில் பிடித்தவனும் அவன்.
அறுநூறு ஆண்டு கழித்து அந்த மண்ணிலிருந்து ஒருவன்
நைல் வழியே படகேறி வந்து
எகிப்தை வென்றான்.
இதுவரை எனக்குப் பிடித்த கதை.

தோற்ற அரசர் நால்வர் வந்து நிலத்தில் விழுந்தார்கள்.
மூவரை வாசலோடு நிறுத்தினான்.
மீன் தின்கிறவர்கள், உள்ளே வரக்கூடாது.
கல்லில் வெட்டியும் வைத்தான்.

வாசித்த அன்று சிரித்தேன்.
பிறகு, தங்கைக்குப் பேசி வந்த ஒரு நல்ல பெடியனை
அம்மா வேண்டாமென்றது நினைவு வந்தது.
"எங்களிலும் ஒரு படி குறைவு."
சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்த வாய் அது.

கச்சேரியில் ஒருமுறை
ஓலை உறுதி ஒன்று பார்த்தேன்.
நாலு பரப்புக் காணியும் வான்பயிரும்
கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்
வள்ளியும் அவள் வயிற்றுப் பிள்ளையும்
வாய்க்காலுக்கும் வள்ளிக்கும் இடையில் ஒன்றுமேயில்லை.
பழைய ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள்,
கிழிந்துபோகும் என்று.
தெரியும். ஆனாலும் தேடினேன்.

மதியம். எல்லார் பொதியிலும் மரக்கறி.
பக்கத்து மேசை மங்களாம்பிகை ரீச்சர்
அப்பளம் நீட்டிக்கொண்டே கேட்டா:
"நீங்கள் எவடம்?"
ஊரைச் சொன்னேன்.
"அங்க எவடம்?"
பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட.
"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"
வடக்கு வீதி, என்று
முப்பத்தெட்டு வயதில் பொய் சொன்னேன்.
அப்பளம் நல்ல மொறுமொறுப்பு.

தாளின் தலையில் சுட்டெண் மட்டும்.
எட்டு இலக்கம்.
எந்த இலக்கமும் எவடமென்று கேட்கவில்லை.
ஆணோ பெண்ணோ அதுகூடத் தெரியாது.
எழுத்து இடப்பக்கம் சரிகிறது, அவ்வளவுதான்.

மூன்றரை போட்டேன்.
கூட்டிப் பார்த்தேன். சரி.
பக்கத்தைப் புரட்டும்போது விரலில் தட்டுப்பட்டது.
அவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறது பேனையை.
வினா ஐந்தின் நடுவே, ஒரு சொல்லுக்குள்,
வெளிச்சம் வரும் அளவுக்கு
ஒரு சின்ன ஓட்டை.