வெளியேறிய நேரம்

கப்பல் வராத துறைமுகத்துக்குப்
பதினெட்டு விளக்குகள்.
எண்ணியிருக்கிறேன். ஒலுவிலில் இரவுக் காவலாளிக்கு
எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை.

வாயை மணல் அடைத்துக் கனகாலம்.
தோணிக்காரர்கூட எட்டத்தால் சுற்றிப் போகிறார்கள்.
ஆனாலும் மாலை ஆறுக்கு லைற் போடவேண்டும்,
விடிய ஆறுக்கு நூர்க்கவேண்டும்.

நேற்று, ஐப்பசி முகில் தாழ இறங்கி
விளக்குக் கம்பத்தின் கழுத்தில் உட்கார்ந்தது.
மேலே, வெளிச்சத்துக்குள், ஏதோ சுழன்றது.
ஈசல் என்றுதான் நினைத்தேன்.
ஈசல் கத்துமா?

மறுகா விழத் தொடங்கிற்று.
ஒன்று கொள்கலன் தகரத்தில்.
ஒன்று தராசு அறைக் கண்ணாடியில்:
கட்டை வால்,
கண்ணிலிருந்து பிடரிவரை சுறுமா,
வாலடியில் மருதோன்றிச் சிவப்பு.
ஆறுமணிக்குருவி.
இவ்வளவு தூரம் இருட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது,
கரை வந்த பிறகு
நாங்கள் கட்டிய பகலுக்குள் நுழைந்து
வாசலை மறந்துவிட்டது.

வருவோர் புத்தகத்தில் நாலு கட்டம்.
பெயர் எழுதினேன்.
எங்கிருந்து? வடக்கு.
வந்த நேரம்: பதினொன்று இருபது.

"இஸ்ஸதீன் சேர், லைற்றைக் கொஞ்சம் நூர்க்கவா?"
"ஏன், களவு போகவா?"
"களவெடுக்க இங்க என்ன கிடக்கு சேர்?"
"குருவிக்காக நூர்த்த எண்டு நான் கொழும்புக்கு எழுதவா?"

நடுச்சாமம் கழிந்து மெயின் சுவிச்சை இறக்கினேன்.
'மழை ஈரத்தில் விழுந்தது' என்று எழுதினேன்.
பதினொரு வருசத்தில் முதல் பொய்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

இருட்டு வந்ததும் கடல் கிட்ட வந்தது.
தலைக்கு மேல் சின்னச் சின்னச் சத்தங்கள்
மேற்கே மெலிந்து போயின.
அங்கே கல்யாண மண்டபம், பெற்றோல் நிலையம்,
விடிய விடிய எரியும் கிரிக்கெட் மைதானம்.
அவற்றின் சுவிச்சு
என் சுவரில் இல்லை.

விடிய ஆதம்பாவா வந்தான், கடமை மாற.
பிஸ்கட் பெட்டிக்குள் ஏழு.
ஆறு மணி ஆயிற்று. பெட்டி பேசவில்லை.
"கடைசிக் கட்டம் வெறுமையாக் கிடக்கே" என்றான்.
கிடக்கட்டும் என்றேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு படலை தாண்டும்போது
எருக்கலைப் பற்றைக்குள்ளிருந்து
இரண்டு விசில், ஒன்று ஏறி, ஒன்று இறங்கி.
என் கையில் ஆறு பதினேழு.

கடிகாரத்தைத் திருத்திக்கொண்டேன்.