படம் பதினான்கு

ஒரூரோவில் இரவு பதினொன்று.
தகரக் கூரைமேல் ஆலங்கட்டி.
ஒரு கல்லுக்கு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

எதெல்மிராவின் கணினி என் பாடநூலை
உரக்க வாசித்ததை அன்று வகுப்பே கேட்டது:
படம். படம். படம். படம்.
பன்னிரண்டு வருடத்துக் கனிமவியல்
அவளுக்கு அந்த ஒரே சொல்.

நூல் இலவசம்; யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம்
என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன்.
பெருமையாகத்தான் போட்டேன்.
வாசலில் ஏழு படி இருந்தது
கண்ணில் படவில்லை.

படம் 14. வெள்ளீயத் தாது.
‘பழுப்பு கலந்த கருப்பு’ என்று எழுதி
அழித்தேன்.
யாருக்குச் சொல்கிறேன் நிறத்தை?
‘பளபளப்பான’ – அதுவும் போயிற்று.
கடைசியில்
‘படிகங்கள், ஒன்றன்மேல் ஒன்று’
என்று விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் அதே இடத்தில் ஒரு திருத்தம்,
நேரம் நாலு பத்து,
எதெல்மிரா கோல்கே:

‘அளவுக்கு மீறிய கனம். உள்ளங்கை தாழும்.
விளிம்பு நகத்தைச் சுரண்டும்.
ஆய்வகத்தில் மூன்றாம் தட்டு, இடது ஓரம்.
வாத்தியாரே, தூசி தட்டுங்கள்.’

ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அழுத்தினேன்.
பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.
மூன்றாம் தட்டு, இடது ஓரம்.
விளக்கைப் போடவில்லை.

கை தாழ்ந்தது.