மூடியைத் திறக்கும் ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு.
பிளக்கைப் பிடுங்குகிறேன்.
சமையலறைக் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வருகிறேன்.
காலாமாவில் இதை மறக்கக் கூடாது.
காற்று அவ்வளவு காய்ந்தது இங்கே:
போர்வையை உதறினால் பொறி பறக்கும்,
எரால்டோவை முத்தமிட்டால் சுரீரென்று சுடும்.
அந்தப் பொறி ஒன்று போதும்
மெமரியின் கதையை முடிக்க.
ஒருமுறை முடித்தது. நாற்பதாயிரம் பேசோ.

நான்கு திருகாணி.
ஒன்று எப்போதோ தொலைந்தது, ஆக மூன்று.
பக்கத் தகடு கழன்றதும்
பாலைவனம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது,
நாங்களே வாடகைக்கு விட்டதுபோல.
செம்மண் நிறத்தில் லேசாக ஒரு பச்சை மினுக்கம்.
சுரங்கத்திலிருந்து உன் சட்டையில்தான் வருகிறது என்பேன்.
சட்டையைக் கம்பெனியே துவைக்கிறது என்பான்.
எதிலோ வருகிறது.

கதவுக்கு வர்ணம் அடித்த பழைய தூரிகை,
பஞ்சு சுற்றிய குச்சி, மருந்துக்கடை ஆல்கஹால்.
விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான்
காற்றடிக்க வேண்டும்,
சுழல விட்டால் கெட்டுப்போகும்.
(அதையும் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.)
இதழ்களின் முதுகில் சாம்பல் கம்பளி,
உரித்தால் ஒரே துண்டாக வருகிறது.
அதற்குள் ஒரு வெள்ளை முடி,
குட்டையாய், விறைப்பாய்.
எங்கள் நாய் பிராஸ்கோவின் முடி.
அது செத்து இரண்டு வருஷம்.
அப்படியானால் இத்தனை முதல் ஞாயிறுகளும்
நான் எதைத்தான் துடைத்தேன்?

பிராசஸர் மேல் காய்ந்திருந்த பசையைத் துடைத்துவிட்டு
புதுசாக ஒரு பயறளவு.
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால்
ரொட்டித் துணுக்கு, சர்க்கரை,
தலையில் அலை சுமக்கிற எங்கள் எழுத்தின் அடியில்
சீமைமாதுளை ஜாம்.

டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்திருந்தது.
தற்காலிகக் கோப்புகளை முதலில் அழித்தேன்,
பெயரில்தான் தற்காலிகம்,
ஆறு வருஷமாய்க் குடியிருந்தவை.
பிறகு பெரியவற்றைத் தேடினேன்.
'தூக்கம்' என்று ஒரு ஃபோல்டர்:
சுரங்க மருத்துவர் கேட்டாரென்று
எரால்டோ பதிவு செய்த குறட்டை,
நூற்றுப் பன்னிரண்டு இரவு.
ஒன்றைத் திறந்தேன்.
ஏறுகிறது. ஏறுகிறது. நிற்கிறது.
பிறகு பாரம் ஏற்றிய லாரிபோல்
சரிவில் இறங்குகிறது.
நடுவில் ஒரு பெண் குரல், 'திரும்பிப் படு.'
என் குரல் அவ்வளவு கடுப்பானதா?

மருத்துவர் கேட்டாயிற்று.
மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும் தந்தாயிற்று,
இப்போது சாமியார்போல் தூங்குகிறான்.
அழித்தேன்.
தொட்டியையும் காலி செய்தேன்.
நிச்சயமா என்று கேட்டது.
ஆமாம்.
அறுபத்தொன்றுக்கு இறங்கியது.

சாயங்காலம் எல்லாம் மாட்டிப் பொத்தானை அமுக்கினால்
சத்தமே இல்லை.
போச்சு என்று நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.
குனிந்து பார்த்தால்
விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மகள் மிலென்காவுக்குப் போன் போட்டேன், வால்டிவியாவுக்கு.
அங்கே எப்போதும் மழை,
அவள் சொல்லுக்குச் சொல் கூரை நடுவில் பேசும்.
'அந்தக் கிழட்டு டப்பாவைத் தூக்கிப் போடும்மா,
லாப்டாப் வாங்கு.'
'எப்படி ஓடுது கேள்' என்று
போனைப் பெட்டியருகே பிடித்தேன்.
'ஒண்ணும் கேக்கலையே.'
'அதைத்தான் சொல்றேன்.'

எரால்டோ மேலே இருக்கிறான்.
ஏழு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே, இன்னும் நான்கு இரவு பாக்கி.
அவன் இல்லாத வாரங்களில்
கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் படுப்பேன்,
மூலையில் அது இழுத்து இழுத்து உறுமும்.
அப்டேட் ஓடட்டும் என்று.
அதற்காகத்தான் என்றே நினைத்திருந்தேன்.

மணி இரண்டு.
எழுந்துபோய் ஜன்னலை
இரண்டு விரற்கடை திறந்து வைத்தேன்.
காற்று உள்ளே வந்து
மேசைமேல் எதையோ தள்ளிவிட்டது.
அடுத்த முதல் ஞாயிறுக்கு
இன்னும் ஐந்து வாரம்.